மாடியறை ரேடியேட்டரில் தட்டுவது யார்?

ஏன்னா,

முப்பத்தெட்டு வருஷம் இந்த ஒற்றை வார்த்தையில்தான் உங்களைக் கூப்பிட்டேன். இப்போது கடிதம் என்பதற்காகப் பெயரை எழுதினால் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கும். அதனால் ஏன்னாவே இருக்கட்டும்.

உங்கள் ஆறாம் மாசிகத் திதி போன வாரம் குறைவில்லாமல் நடந்தது. தெருமுனையில் பைப் மறுபடியும் கசிகிறது. நீங்கள் போனபிறகு அதற்குக் காது கொடுக்க ஆளில்லை. உங்கள் இரும்புக் கம்பி இன்னும் வாசல் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறது. குடிதண்ணீர் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய கம்பி. ரோட்டில் அதை ஊன்றி, மேல்முனையில் இருக்கும் மரக்குமிழில் காதை வைத்து, மண்ணுக்கடியில் எந்த இடத்தில் குழாய் உடைந்திருக்கிறது என்று முப்பது வருஷம் சொன்ன மனுஷர் நீங்கள். இப்போது எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

நம் பெண் வித்யா வீட்டில் யாரோ தட்டுகிறார்கள்.

நீங்கள் போனதற்கு அவள் வந்து பதின்மூன்று நாளும் இருந்துவிட்டுத் திரும்பினாளே, அன்றிலிருந்து தினமும் நமக்குப் பன்னிரண்டரை மணிக்கு வீடியோவில் வருகிறாள். இங்கிலாந்தில் அப்போது காலை ஏழு. அடுக்களையில் நின்றுகொண்டு டப்பாவில் சாதம் அடைத்தபடியே பேசுவாள். தை பிறந்த பிறகு ஒருநாள், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கேட்டது. டொக். டொக். அப்புறம் விடாமல் டொக் டொக் டொக். மாடியிலிருந்து.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்லைம்மா, ரேடியேட்டராக்கும்."

எனக்குத் தெரிந்த ரேடியேட்டர் பஸ்ஸுக்கு முன்னால் இருப்பது. பொன்முடி மலை ஏறும்போது பாதி வழியில் நிறுத்தி அதில் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டு மாடியில் ரேடியேட்டருக்கு என்ன வேலை? கேட்டால் விளக்கினாள். அடுக்களையில் ஒரு பாய்லர் இருக்கிறதாம். அது தண்ணீரைச் சூடாக்கி வீடு முழுக்கக் குழாய் வழியாக அனுப்புமாம். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே இரும்புப் பலகை மாதிரி ஒன்று சுவரோடு ஒட்டி இருக்கும். சூடு தண்ணீர் அதற்குள் போய்த் திரும்பும்போது அறை சூடாகுமாம். காலை ஆறரைக்குத் தானாகவே ஓட ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறார்களாம்.

நான் நம்பவில்லை. என் குணம் உங்களுக்குத் தெரியாதா? தேங்காய் பறிக்க வருகிறவன் மரத்தைவிட்டு இறங்கும்வரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டவள் நான். பால்காரனுக்கு எதிரிலேயே பாலைக் காய்ச்சிப் பார்த்தவள். "கோமு, நீ பகவானையே அடையாளக் கார்டு காட்டச் சொல்லுவாய்" என்று நீங்கள் கேலி பண்ணுவீர்கள். பண்ணுங்கள். கேட்க ஆளில்லாமல் ஒரு பெண் கடல் கடந்து இருக்கிறாள். வீட்டுக்குள் தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஒன்றுமில்லை என்கிறாள். எந்த அம்மா அப்படியே விட்டுவிடுவாள்?

சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகப்பட்டது அவள் புருஷன் சாஜனைத்தான். கதவில் குத்துகிறானா, சுவரில் எதையாவது எறிகிறானா என்று. விழிஞ்ஞம் கடற்கரையின் மலையாள மீன்பிடிக் குடும்பத்துப் பையனை ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றாளே, அன்றைக்கே நான் சொன்னேன், இந்த ஆத்திலிருந்து அவளுக்கு ஒரு ஃபோன் போகக்கூடாது என்று. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மூன்று வருஷம் போகவில்லை. அந்த மூன்று வருஷத்தில் அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. அவளுக்கு அங்கே ஏதாவது கஷ்டமென்றால் சொல்ல அம்மா இல்லாமல் செய்தவளும் நான்தானே. அதுதான் என்னைத் தின்றது. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டுமோ என்றுகூட நினைத்தேன்.

அதனால் தினமும் ஒரு சாக்கு. "வளையல் போட்டிருக்கியா, கையைக் காட்டு." கையில் காயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். "கன்னம் ஏண்டி சிவந்திருக்கு?" குளிர் என்பாள். "வீட்டைச் சுத்திக் காட்டேன்." காட்டினாள். மாடிக்குப் போனதும் ஓர் அறையை மட்டும் காட்டாமல் தாண்டினாள்.

"அது என்ன முறி?"

"சும்மா கெடக்குமா. யாரும் இல்லை. அடைச்சு வெச்சிருக்கு."

யாரும் இல்லாத அறையை எதற்கு அடைத்து வைக்க வேண்டும்?

ஒரு சனிக்கிழமை நேராகச் சாஜனையே பிடித்தேன். நான் அவனோடு நேரடியாகப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. மூன்றரை வருஷத்தில் முதல் தடவை பேசுகிற மாமியார் என்ன கேட்க வேண்டும்? நான் கேட்டது, "உங்காத்து மாடியில யார் தட்டறா?"

அவன் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. "மாமி, சத்யமா ரேடியேட்டர்தான். ஆனா ஏன் தட்டுதுன்னு எனக்கும் அறியில்ல" என்றான், மலையாளம் கலந்த தமிழில்.

"அறியலேன்னா கண்டுபிடிக்கணும். ஒரு நீளமான மரக்கரண்டி எடு. ஒரு முனையைக் குழாயில ஊணு. மத்த முனையைக் காதெலும்புல வெச்சு அழுத்து. மூச்சைப் பிடிச்சுண்டு கேளு." இதெல்லாம் உங்கள் வாயிலிருந்து கேட்டதுதான். உங்கள் கம்பியை வெறும் இரும்பு என்று திட்டிக்கொண்டே இத்தனையும் எப்படி மனசில் வைத்திருந்தேனோ தெரியவில்லை.

"மாமி, இது எங்க அப்பன் செய்யும்" என்றான்.

"எது?"

"கடல்ல, வள்ளத்துல போகும்போ, துடுப்பை வெள்ளத்துல தாழ்த்தி மேல்முனையில செவி வச்சு கேக்கும். அடியில மீன்கூட்டம் போறது கேக்குமாம். எனக்குக் கேக்காது. அப்பனுக்குக் கேக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்ற கம்பியைத் திரும்பிப் பார்த்தேன். "கேக்கும், பழகினாக் கேக்கும். போ, கரண்டியை எடு" என்றேன்.

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று எங்களுக்கு. மொத்தம் மூன்று சத்தம், கேட்டுக்கொள்ளுங்கள். கூடத்துக்கு நேர்மேலே அவர்கள் படுக்கிற அறையில் ஒரு கொடகொட. தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கீழே சூடாகவும் மேலே சில்லென்றும் இருந்ததாம். மேலே காற்று அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பாய்லரை நிறுத்திவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் திறந்து காற்றை விட வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வித்யாவே சாவியோடு வந்துவிட்டாள். கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, "கால் சுத்து போறும், அதுக்கு மேல திருப்பப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள். உஸ்ஸென்று காற்று போயிற்று, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினாள். கொடகொட நின்றது.

கால் சுத்து போறும். இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? வழுக்கிப் போகிற குழாயைத் திருகும்போதெல்லாம் நீங்கள் என்னிடம் சொல்கிற பேச்சு அது. சின்ன வயதில் கேட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசின் ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

இரண்டாவது, தரைக்கடியில் டிக் டிக். சூடானதும் குழாய் நீளும், மரப்பலகையில் உராயும். குழாய் பலகைக்குள் நுழைகிற இடத்தில் சாஜன் கம்பளித் துணியைச் சுற்றித் திணித்தான். அதுவும் போயிற்று. "மாமி, நீங்க எஞ்சினீயராகியிருக்கணும்" என்றான். காக்காய் பிடிக்கிறான் என்று தெரிந்தும் இரண்டு நாள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் அந்த டொக் டொக். அடைத்து வைத்த அறைக்குள்ளிருந்து.

சாஜன் உள்ளே போய்க் கரண்டியை வைத்தான். வால்வுக்குள்தான் தட்டுகிறது என்றான். வால்வின் தலையில் எண்கள் போட்ட குமிழ் இருக்கிறதாம், எவ்வளவு சூடு வேண்டுமோ அந்த எண்ணில் திருப்பி வைக்க வேண்டும். எண்ணே வேண்டாம் என்றால் ஒரு நட்சத்திரம். அதில் வைத்தால் மூடிக்கொள்ளும். "நட்சத்திரத்துலதான் நிக்குது மாமி. யாரும் தொடல்ல."

"ரேடியேட்டரைத் தொட்டுப் பாரு."

தொட்டான். "சூடா இருக்கே!"

நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! முழுக்கத் திறந்த வால்வு தட்டாது, முழுக்க மூடினதும் தட்டாது, இரண்டுக்கும் நடுவில் கிடக்கும்போதுதான் தண்ணீர் அதைப் போட்டு உலுக்கும் என்று. யாருமே திறக்காத வால்வென்றால் அந்த இரும்பு ஐஸ் மாதிரி இருக்க வேண்டும். சூடாக இருக்கிறதென்றால் சற்று முன்னால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்துவிட்டு, தெரியக்கூடாது என்று மறுபடி நட்சத்திரத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். அது மெதுவாக மூடிக்கொள்ளும்போதுதான் தட்டுகிறது.

"நீ திறந்தியா?"

"நான் ஏழு மணிக்குத்தான் எழும்பும் மாமி. அம்மாவாணை, நான் இல்ல."

வித்யாவைக் கேட்டேன். "நான் ஏம்மா அங்கே போறேன்?" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, டப்பா மூடியைப் பார்த்தாள். ஐந்து வயதில் வெல்லம் திருடின அன்றைக்கும் இப்படித்தான் பாத்திரத்தைப் பார்த்தாள்.

ஆக, பொய் சொல்வது என் பெண். அவன் எழுவதற்கு முன்னாலேயே அந்த அறைக்குள் யாரையோ வரவிட்டு அனுப்புகிறாள். இத்தனை நாள் அவனைக் குத்தம் சொன்னேனே, அந்தப் பையன் பாவம், கரண்டியும் கையுமாக நிற்கிறான் என்று நினைத்தேன். அன்றைக்கு என் மனசு எங்கெல்லாம் போயிற்று என்று எழுதக் கை கூசுகிறது.

நான் ஒரு பொறி வைத்தேன். "நாளைக்கு மத்யானம் கோவில்ல பிரசாத ஊட்டு, சாப்பாடு அங்கேதான், நா ஆத்துல இருக்கமாட்டேன், ஃபோன் விளிக்காதே" என்று வித்யாவிடம் சொன்னேன். சாஜனிடம் தனியாக, நாளைக்கு ஒரு நாள் சீக்கிரம் எழுந்திரு, ஆறே முக்காலுக்கு நான் கூப்பிடுவேன், சத்தம் போடாமல் மாடி அறைக்குப் போ என்றேன். அவன் தயங்கினான். "அவளை வேவு பாக்கணுமா மாமி?" என்று கேட்டான். நான் செய்வது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும், "ஆமா" என்றேன்.

பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிட்டேன். வெயில் கூடத்தில் பாதிவரை வந்திருந்தது. சாஜன் காமிராவைத் தரைப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். கம்பளம், அவன் காலுறை, அப்புறம் கதவின் அடிப்பகுதி. கதவுக்குள்ளே ஓர் ஆண்குரல் பேசிக்கொண்டிருந்தது.

ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன். நான் என்ன, உங்கள் கம்பியையா வைத்திருந்தேன்? இருந்தாலும் கேட்டது.

"... கேட்டியா வித்யா, சாவியைக் கால் சுத்து திருப்பினாப் போறும். உஸ்னு காத்து போகும். வெள்ளம் வந்த உடனே மூடிக்கோ. இங்கே ஒரே மழை. பாலத்துமேல குடையோட நின்னுண்டு பேசறேன். அம்மா நன்னா இருக்கா. முழங்கால்தான் படுத்தறது. நேத்து உன் பழைய பாவாடையைத் தலகாணி உறைக்குள்ள மடிச்சு வெச்சிண்டு தூங்கினா, நா பாக்கலைன்னு நெனச்சிண்டு..."

ஏன்னா, ஆறு மாசமாக நான் உங்கள் குரலைக் கேட்கவில்லை. என் ஃபோனில் ஒன்றுகூட இல்லை. கூடவே இருக்கிற மனுஷர் குரலை யாராவது பிடித்து வைப்பார்களா? முதல் மாசம் உங்கள் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், வேறு எவளோ பேசினாள். அந்தக் குரல் அங்கே, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், மூடின கதவுக்குள்ளிருந்து என் முழங்காலைப் பற்றிப் பேசுகிறது. நான் வாய்விட்டு அழுதேன். சாஜன் கையிலிருந்த ஃபோன் வழியாக அது வித்யாவுக்குக் கேட்டு அவள் கதவைத் திறந்தாள்.

"அம்மா, நீ அப்பாமேல கோவப்படப்பிடாதுன்னுதான் சொல்லலை. போனவர்மேல எப்படிம்மா நீ சண்டை போடுவே?"

ஏன், போட முடியாதா? இதோ போடுகிறேன். மூன்று வருஷம்! தினமும் மத்தியானம் சாப்பிட்டதும், "முனையில பைப்பு கசியறது, பாத்துட்டு வரேன்" என்று கம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள். இந்த மனுஷருக்கு வேறு நினைப்பே கிடையாது என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். எதிராத்து சாவித்ரி மாமி ஒருநாள் வந்து, "உங்காத்து மாமா பாலத்துக்கிட்ட தனியா நின்னு பேசிண்டிருக்கார்டி, கொஞ்சம் வைத்தியரைப் பாரு" என்றாள். வம்பு பேச வந்தாயா என்று அவளை வாசலோடு அனுப்பினேன். ஊரில் பால்காரன்வரை அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். ஒருத்தரை மட்டும் படவில்லை. நீங்கள் நன்றாக ஏமாற்றினீர்கள்.

சாஜனுக்கும் தெரியுமாம், நீங்கள் ஃபோனில் குரலைப் பதிந்து அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. "அப்பா பறஞ்சிருந்தார், மாமிகிட்ட மிண்டக்கூடாது, ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு" என்கிறான். அவள் விடியற்காலையில் தனியாக அங்கே போய் உட்கார்ந்து கேட்பது மட்டும் அவனுக்கும் தெரியவில்லை. அப்பா என்று உங்களைச் சொல்கிறான். நீங்களே சொல்லச் சொன்னீர்களா?

மறுநாள் வித்யா அந்த அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், காலுக்கு ஒரு மணை, சுவரில் மாட்டுவதற்கு ஒரு பஞ்சாங்கக் காலண்டர். நீங்கள் வந்தால் தங்க ஏற்பாடு பண்ணிய அறையாம். தினமும் ஆறரைக்கு உள்ளே போய், குளிருக்கு ரேடியேட்டரைத் திருப்பிவிட்டு, நீங்கள் அனுப்பியதில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, மறுபடி நட்சத்திரத்துக்குத் திருப்பிவிட்டுக் கீழே இறங்கி எனக்குக் கூப்பிடுவாளாம்.

"சரி, அந்த வால்வை ஏண்டி இத்தனை நாளா நன்னாக்கலை? ஒரு ஆளைக் கூப்பிட்டா ஒரு மணி நேர வேலைன்னு சாஜன் சொல்றானே?"

அவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றை ஓடவிட்டாள். நீங்கள் அனுப்பிய கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் பேசியதாம். எனக்கும் அனுப்பி வைத்தாள்; நான் அதை இதற்குள் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, மனப்பாடம் ஆகிவிட்டது.

"அந்த மாடியறை வால்வை எவனோ தலகீழாப் போட்டிருக்கான்னு நெனைக்கறேன். வெள்ளம் உள்ளே வரவேண்டிய வழியில வெளியே போறது. ஆனா ஃபோன்ல கேட்டு உறப்பாச் சொல்ல முடியாது. நா வந்து என் காதை வெச்சுக் கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரையும் கைவைக்க விடாதே. அம்மாவை மெதுவா சரிக்கட்டிண்டு, ரெண்டு பேருமா வரோம்."

அதனால்தான் அவள் யாரையும் கைவைக்க விடவில்லை.

ஏன்னா, நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டிருக்கலாம். என்னைச் சரிக்கட்ட உங்களுக்கு நேரம் போதாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. சாவித்ரி மாமி கூட வந்தாள். போகிற வழியில் பஸ்ஸில் வைத்து அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "அன்னிக்கே சொன்னேனேடி" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள், கேட்டுக்கொண்டேன். கம்பியை விமானத்தில் விடுவார்களா என்று சாஜனைக் கேட்டேன். கையில் கொண்டுபோக விடமாட்டார்களாம், பெட்டியோடு கட்டிப் போட்டால் போகுமாம். உண்மையைத்தான் சொல்கிறானா என்று வேறு இடத்திலும் விசாரிக்கப் போகிறேன்.

அதுவரை அந்த வால்வை யாரும் தொடக்கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன். வருகிற குளிருக்கு நான் அந்த அறையில் இருப்பேன். காலை ஆறரைக்குக் குமிழைத் திருப்பி, கம்பியை ஊன்றி, காதை வைத்து, உங்களுக்குப் பதிலாக நான் கேட்பேன். நீங்கள் சொன்னது சரியா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவேன். இது சத்தியம்.

உங்காத்துக்காரி,
வித்யாவுக்கு அம்மா,
சாஜனுக்கு மாமியார்,
கோமதி